பகடியின் இலக்கு மூல நூலா, வெளி உலகமா? ஆங்கில இலக்கியம் குறித்து ஒரு கேள்வி

முதுகலை_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆங்கிலத்தில் 'பேரடி' எனப்படுவதை நம் விமர்சகர்களின் வழக்கப்படி பகடி என்றும், 'சட்டையர்' எனப்படுவதை அங்கதம் என்றும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பாடக் குறிப்பில் பகடிக்கு ஒரே வரியில் இலக்கணம் தரப்பட்டிருக்கிறது. ஒரு நூலையோ ஓர் ஆசிரியரின் நடையையோ போலச் செய்து, அந்த நூலையே நகைப்புக்கு உள்ளாக்குவது பகடி. சமூகத்தின் குறைகளை நகைப்பின் வழியே கண்டிப்பது அங்கதம். தேர்வுக்கு இதுவே போதும் என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் எடுத்துக்காட்டுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது இந்த இலக்கணம் இரண்டு இடங்களில் பொருந்தாமல் போனது.

முதலாவது, லண்டன் புத்தக வணிகர் வில்லியம் ஹோன் 1817-இல் வெளியிட்ட சிறு வெளியீடுகள். கிறித்தவச் சிறுவர்களுக்குக் கற்றுத்தரும் ஞானோபதேச வினாவிடையின் வடிவத்தை அவற்றுள் ஒன்று எடுத்துக்கொள்கிறது. வானத்தையும் பூமியையும் படைத்த எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை நம்புகிறேன் என்று தொடங்கும் விசுவாசப் பிரமாணம், அதில், புதிய தெருக்களையும் வீரப் பட்டக்காரர்களையும் படைக்கும் எல்லாம் வல்ல ஜார்ஜை நம்புகிறேன் என்று மாறிவிடுகிறது. அக்காலத்தில் அரசப் பிரதிநிதியாக ஆண்ட இளவரசர்தான் அந்த ஜார்ஜ். இங்கே நகைக்கப்படுவது பிரமாணம் அல்ல, இளவரசர். அப்படியானால் எங்கள் குறிப்பின்படி இது பகடி ஆகாது. நான் பார்த்த நூல்களோ இதைப் பகடி என்றே குறிப்பிடுகின்றன.

இரண்டாவது, லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையில் (1865) வரும் முதலைப் பாட்டு. அது ஐசக் வாட்ஸின் தேனீப் பாட்டைப் போலச் செய்தது என்று அடிக்குறிப்பு சொல்கிறது. ஆனால் வாட்ஸைக் கேலி செய்யும் ஒரு சொல்லையும் என்னால் அதில் காண முடியவில்லை. நகைப்புக்கு உள்ளாக்காத ஒன்றை எப்படிப் பகடி என்பது?

இவை தவிர, ஆங்கில நாளேடுகளில் ஒரு வழக்கு விசாரணையை 'நீதியின் பகடி' என்று எழுதுவதையும் பார்க்கிறேன். அங்கே எந்த நூலும் இல்லை, எந்த நடையும் இல்லை. இந்தப் பயன்பாடுகள் அனைத்தையும் ஒரே சொல் எப்படித் தாங்குகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற_விரிவுரையாளர் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் பாடக் குறிப்பு இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டது; சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்த எழுத்து எதைப் போலச் செய்கிறது என்பது ஒரு கேள்வி. இது யாரைப் பார்த்து நகைக்கிறது என்பது இன்னொரு கேள்வி. ஒரு படைப்பு பகடியா இல்லையா என்பதை முதல் கேள்விக்கான விடையே தீர்மானிக்கிறது. இரண்டாவது கேள்வியின் விடை, அது எவ்வகைப் பகடி என்பதை மட்டுமே சொல்லும். அங்கதம் நோக்கத்தால் அடையாளம் பெறுவது. பகடி செய்முறையால் அடையாளம் பெறுவது. ஆகவே ஒரே எழுத்து பகடியாகவும் அங்கதமாகவும் இருப்பதில் எந்த முரணும் இல்லை. ஹோனின் வினாவிடை அப்படிப்பட்டது.

முதலைப் பாட்டுக்கு வருகிறேன். இதைச் சற்று நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வாட்ஸ் 1715-இல் சிறுவர்களுக்காக வெளியிட்ட பாடல் தொகுப்பில் சோம்பலைக் கண்டிக்கும் பாட்டு ஒன்று உண்டு. சுறுசுறுப்பான சின்னத் தேனீ ஒளிவீசும் ஒவ்வொரு நாழிகையையும் எவ்வளவு நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது, மலர்ந்த பூ ஒவ்வொன்றிலிருந்தும் நாளெல்லாம் எப்படித் தேன் சேர்க்கிறது என்ற வியப்போடு அது தொடங்கும். இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் மனப்பாடம் செய்த பாட்டு அது. கரோல் தேனீ இருந்த இடத்தில் முதலையை வைத்தார். 'இம்ப்ரூவ்' என்ற வினைச்சொல்லை அப்படியே விட்டுவிட்டார். தேனீ மேம்படுத்தியது நேரத்தை, முதலை மேம்படுத்துவது தன் வாலை. 'ஷைனிங்' என்ற அடைமொழியும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. முன்பு ஒளிவீசியது நாழிகை, இப்போது வால். வாட்ஸின் இரண்டாம் பத்தியில் தேனீ தன் கூட்டில் மெழுகைச் சீராகப் பரப்புகிறது. கரோலின் இரண்டாம் பத்தியில் முதலை அதே சீரோடு தன் நகங்களைப் பரப்புகிறது, பிறகு மென்மையாகப் புன்னகைக்கும் தாடைகளுக்குள் சின்னஞ்சிறு மீன்களை வரவேற்கிறது. பரப்புதலைக் குறிக்கும் 'ஸ்ப்ரெட்' என்ற வினை இரு பாட்டிலும் ஒன்றே. யாப்பும் இயைபும் வாட்ஸுடையவை. வியந்து புகழும் அந்தக் குரலும் வாட்ஸுடையதுதான்.

வாட்ஸைத் திட்டும் சொல் எதுவும் இல்லை என்று நீங்கள் எழுதியது சரி; தேவையும் இல்லை. இயற்கையைக் குழந்தைக்கு நீதி புகட்டும் ஆசானாக நிறுத்தியது வாட்ஸின் பாட்டு. அதே இயற்கையில் முதலையும் வாழ்கிறது, அதுவும் தன் வேலையைச் சிறிதும் சோம்பலின்றிச் செய்கிறது என்பதை, வாட்ஸின் வாக்கிய அமைப்புக்குள்ளேயே கரோல் காட்டிவிடுகிறார். உழைப்பைப் புகழ வந்த வாக்கிய அமைப்பு, எதைக் கொடுத்தாலும் அதே மகிழ்ச்சியோடு புகழும் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. இது விமர்சனம்தான், ஆனால் கட்டுரையாளரின் வாயால் சொல்லப்படாத விமர்சனம். கதையில் ஆலிஸ் யாரையும் கேலி செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். தான் இன்னும் பழைய ஆலிஸ்தானா என்று சோதித்துப் பார்க்க, மனப்பாடமான பாட்டைச் சொல்ல முயல்கிறாள். சொற்கள் தவறாக வருகின்றன. அவளுக்கு அது வருத்தத்தைத்தான் தருகிறது.

இதற்கு நேர் எதிரான முனையில் நிற்பது, 1741-இல் புனைபெயரில் வெளிவந்த, ஹென்றி ஃபீல்டிங் எழுதியதாக ஆய்வாளர்கள் ஏற்கும் 'ஷமேலா'. சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமேலா' 1740-இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றிருந்த நேரம் அது. எசமானனின் தீய எண்ணத்திலிருந்து தன் கற்பைக் காத்துக்கொள்ளும் பணிப்பெண், நடப்பதையெல்லாம் நடக்கும் கணத்திலேயே கடிதமாக எழுதுவது ரிச்சர்ட்சனின் உத்தி. ஷமேலாவும் கடிதம் எழுதுகிறாள். படுக்கையில் இருக்கிறோம், கதவு தாழிடப்படவில்லை, எசமானன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே, இதோ அவர் கதவருகே வரும் ஓசை கேட்கிறது என்கிறாள். நான் நிகழ்காலத்தில் எழுதுகிறேன் பாருங்கள் என்று சேர்த்துக்கொள்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் ரிச்சர்ட்சனின் உத்தி முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. ஆபத்து நெருங்கும் கணத்திலும் பேனாவைக் கீழே வைக்காத பெண்ணின் அச்சத்தை எவ்வளவு தூரம் நம்புவது என்ற கேள்வி வாசகனுக்குள் எழுகிறது. இங்கே மூல நூலே இலக்கு. அதன் நடை, அதன் அறம் இரண்டும் சேர்ந்தே தாக்கப்படுகின்றன.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் ஆபி' இருக்கிறது. பேய் மாளிகைக் கதைகளை ஓயாமல் படித்த கேத்தரின், புயலடிக்கும் இரவில் ஒரு பழைய அலமாரிக்குள் கையெழுத்துச் சுருள் ஒன்றைக் கண்டெடுக்கிறாள், விளக்கு அணைந்துவிடுகிறது, நடுங்கியபடியே விடியும்வரை காத்திருக்கிறாள். காலையில் பார்த்தால் அது சலவைக் கணக்கு. ஆனால் அதே நாவலில் ஹென்றி டில்னி, ஆன் ராட்கிளிஃபின் 'உடால்ஃபோ' நாவலை மயிர்க்கூச்செறிய இரண்டே நாளில் படித்து முடித்ததாகப் பெருமையோடு சொல்கிறான். ஆஸ்டின் அவ்வகைக் கதைகளை விரும்பிப் படித்து அறிந்தவர். அந்தச் சலவைக் கணக்கை வெறுப்பால் எழுதியிருக்க முடியாது. இந்த நாவல் அச்சாகி வெளிவந்தது 1817 டிசம்பர் இறுதியில், அவர் மறைந்து சில மாதங்களுக்குப் பிறகு. அதே டிசம்பரில், அதே லண்டனில்தான் நீங்கள் குறிப்பிட்ட ஹோன் பகடி எழுதியதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அதைச் சட்டம் அறிந்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

வழக்காடி எழுதியது:

ஐயா குறிப்பிட்ட வழக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மாணவி கேட்ட கேள்வியை, அதாவது பகடியின் இலக்கு மூலமாகத்தான் இருக்க வேண்டுமா என்பதை, நீதிமன்றங்கள் வெறும் வகைப்பாட்டுச் சிக்கலாகப் பார்க்கவில்லை. அங்கே அதன் விடையைப் பொறுத்து ஒருவர் சிறைக்குப் போகலாம், அல்லது ஒரு புத்தகம் விற்பனைக்கே வராமல் போகலாம்.

ஹோன் மீது 1817 டிசம்பர் 18, 19, 20 ஆகிய மூன்று நாள்களில், மூன்று வெளியீடுகளுக்காக, மூன்று தனித்தனி விசாரணைகள் லண்டன் கில்டுஹாலில் நடந்தன. முதன்மையான குற்றச்சாட்டு மதநிந்தனை. அரசியல் நகைப்பைத் தண்டிக்க அரசு மதத்தைக் கருவியாக்கிக்கொண்டது என்பதே என் கருத்து. வழக்குரைஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஹோன் தானே வாதாடினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார். வேதாகமத்தின் நடையையும் வழிபாட்டு நூலின் நடையையும் போலச் செய்து எழுதுவது நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது, மார்ட்டின் லூதரே செய்திருக்கிறார், அப்போது அமைச்சரவையில் இருந்த ஜார்ஜ் கானிங்கும் செய்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கணக்கில் வாசித்துக்காட்டினார். அவர்களைத் தண்டிக்காத சட்டம் தன்னை மட்டும் ஏன் தண்டிக்க வேண்டும் என்று கேட்டார். அவருடைய வாதத்தின் உயிர்நாடி இதுதான்: ஒன்றின் வடிவத்தைக் கடன் வாங்குவது வேறு, அதை இகழ்வது வேறு, நான் பிரமாணத்தின் வடிவத்தை எடுத்தது, மக்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம் என்பதால்தான். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபுவே வந்து அமர்ந்து, தண்டனையை விரும்பும் போக்கில் நடுவர்களுக்கு (ஜூரிக்கு) அறிவுறுத்தினார். இருந்தும் மூன்று நாளும் நடுவர் குழுக்கள் ஹோனைக் குற்றமற்றவர் என்றே விடுவித்தன. விரிவுரையாளர் ஐயா இலக்கியத்தில் பிரித்துக்காட்டிய அந்த இரண்டு கேள்விகளை, சாதாரண லண்டன் வணிகர்கள் அடங்கிய நடுவர் குழு அன்றைக்கே பிரித்துப் பார்த்துவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த மதிப்பு ஏற்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இதே சிக்கல் பதிப்புரிமை வழக்கில் திரும்பி வந்தது. ராய் ஆர்பிசன் 1964-இல் பாடிப் புகழ்பெற்ற 'ஓ, பிரிட்டி வுமன்' பாட்டின் முதல் வரியையும் அடிப்படை இசைத் துணுக்கையும் எடுத்து, 'டூ லைவ் க்ரூ' என்ற ராப் குழு கொச்சையான மாற்றுப் பாட்டு ஒன்றை வெளியிட்டது. உரிமை வைத்திருந்த நிறுவனம் அனுமதி மறுத்திருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-இல் ஒருமனதாக அளித்த தீர்ப்பை நீதிபதி டேவிட் சூட்டர் எழுதினார். பகடி தன் கருத்தைச் சொல்ல மூலத்தைப் போலச் செய்தே ஆக வேண்டும், எனவே கடன் வாங்க அதற்கு ஓரளவு உரிமை உண்டு. அங்கதமோ தன் சொந்தக் காலில் நிற்கக் கூடியது, எனவே எதற்காகக் கடன் வாங்கினாய் என்ற கேள்விக்கு அது விடை சொல்ல வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். சாலையில் போகும் அழகியைப் பற்றிய பழைய பாட்டின் வெகுளித்தனத்தைப் புதிய பாட்டு விமர்சிப்பதாகக் கொள்ள இடமுண்டு என்பதால், உரியவரின் அனுமதி இல்லாமலும் ஓரளவு எடுத்தாளலாம் என்ற அந்தக் குழுவின் நியாயப் பயன்பாட்டு வாதத்துக்கு வழி திறந்தது.

இந்தப் பிரிவினை எவ்வளவு கூர்மையானது என்பது 1997-இல் தெரிந்தது. ஓ. ஜே. சிம்சன் கொலை வழக்கைக் கேலி செய்து, டாக்டர் சூஸின் சிறுவர் நூல்களின் சந்தத்திலும் படப்பாணியிலும் ஒரு புத்தகம் எழுதப்பட்டது. கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பகடியாக ஏற்கவில்லை. அது நகைத்தது சிம்சன் வழக்கைப் பார்த்து, சூஸைப் பார்த்து அல்ல என்பதே காரணம். புத்தகம் தடுக்கப்பட்டது. மாணவியின் பாடக் குறிப்பில் உள்ள இலக்கணமும் ஏறக்குறைய இதுதான்! இந்த அளவுகோலை ஹோனுக்கு வைத்தால் அவருடைய வினாவிடையும் பகடி ஆகாது.

ஆனால் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இல், பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு படக்கதை வழக்கில், வேறு வழியில் சென்றது. ஏற்கெனவே உள்ள ஒரு படைப்பை நினைவூட்ட வேண்டும், அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி வேறுபட வேண்டும், நகைச்சுவையோ கேலியோ வெளிப்பட வேண்டும்; இவையே பகடிக்கு இன்றியமையாதவை என்றும், கேலி அந்த மூலப் படைப்பைப் பற்றியதாகவே இருக்க வேண்டியதில்லை என்றும் அது கூறியது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் பிரிட்டனின் பதிப்புரிமைச் சட்டத்திலும் கேலிச்சித்திரம், பகடி, பாஸ்டிஷ் (பிறர் நடையைக் கேலியின்றிப் போலச் செய்தல்) ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு விலக்கு நடைமுறைக்கு வந்தது. ஆக, உங்கள் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு விடை, ஐரோப்பாவில் இன்னொரு விடை. இலக்கிய நோக்கில் ஐரோப்பிய விடையே பொருத்தமானது என்று நான் கருதுகிறேன். வடிவத்தைக் கடன் வாங்கி உலகத்தைப் பார்த்து நகைக்கும் மரபு பதிப்புரிமைச் சட்டத்தைவிடப் பழையது.

செய்திமேசை எழுதியது:

நாளேட்டுப் பயன்பாட்டைப் பற்றி மட்டும் சில வரிகள். ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் தருவது என் அன்றாட வேலை என்பதால் இந்தச் சொல்லை அடிக்கடி எதிர்கொள்கிறேன்.

ஒரு விசாரணையை நீதியின் பகடி என்று எழுதும்போது, நீதிபதி இருந்தார், சாட்சிகள் வந்தனர், தீர்ப்பும் வாசிக்கப்பட்டது, ஆனால் நீதி மட்டும் இல்லை என்பதே பொருள். வெளி உருவம் அச்சாக அப்படியே இருக்க, உள்ளீடு காணாமல் போன நிலை அது. இலக்கியப் பகடியோடு இதற்குள்ள உறவு அந்த 'அச்சாக அப்படியே' என்பதில்தான் இருக்கிறது. ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது: இலக்கியத்தில் பகடி திட்டமிட்டுச் செய்யப்படுவது, இங்கே யாரும் அப்படிச் செய்ய நினைக்கவில்லை, விளைவு அப்படி ஆகிவிட்டது. இந்த இடத்தில் 'ட்ராவெஸ்டி' (கேலிக்கூத்து) என்ற சொல்லே ஆங்கிலத்தில் இன்னும் மிகுதியாக வழங்குகிறது. 'செல்ஃப் பேரடி' என்பதும் இப்படித்தான்: ஓர் எழுத்தாளரோ அரசியல்வாதியோ தன் பழைய பாணியையே மிகையாகத் திரும்பத் திரும்பச் செய்து, தன்னைத் தானே போலச் செய்பவராகிவிடுவதைக் குறிக்கும். நடப்புச் செய்தியே இதற்கு மேல் யாராலும் மிகைப்படுத்த முடியாத அளவுக்குப் போய்விட்டால், அதை 'பியாண்ட் பேரடி' என்பார்கள்.

இலக்கணப் பயன்பாட்டில் ஒன்று: பெயராக வரும்போது எதனுடைய பகடி என்பதற்கு 'ஆஃப்' வரும்; வினையாக வரும்போது போலச் செய்யப்படும் நூலோ நடையோ ஆளோ நேரடியாகச் செயப்படுபொருள் ஆகும். அரசாங்கத்தின் ஊழலைப் 'பேரடி' செய்தார் என்று எழுதினால் ஆங்கில வாசகருக்கு இடறும், ஏனெனில் ஊழலுக்கு நடை கிடையாது. அமைச்சரின் பேச்சைப் 'பேரடி' செய்தார் என்றால் பொருந்தும்.

பகடி என்பது வாசகருக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு டேனியல் டெஃபோவைவிட நல்ல சான்று இல்லை. 1702 டிசம்பரில், இங்கிலாந்துத் திருச்சபையின் தீவிரப் பிரிவினர் பேசும் அதே ஆவேச நடையில், அத்திருச்சபையில் சேராத மாற்றுப் பிரிவினரை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று ஒரு பிரசுரத்தைப் பெயரில்லாமல் வெளியிட்டார். டெஃபோ தானே அந்த மாற்றுப் பிரிவைச் சேர்ந்தவர். போலச் செய்தது அத்தனை துல்லியமாக இருந்ததால் இரு தரப்பும் அதை உண்மை என்றே நம்பின. உண்மை வெளிப்பட்டதும் இரு தரப்பும் சினந்தன. 1703 ஜூலையில் மூன்று நாள் அவர் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டார். ட்விட்டர் நிறுவனம் பிற்காலத்தில் பகடிக் கணக்கு வைத்திருப்போர் அதைக் கணக்கின் பெயரிலும் அறிமுகக் குறிப்பிலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதித்ததும் இதே குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

முதுகலை_மாணவி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஹோன் பற்றிய ஐயம் நீங்கிவிட்டது. இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. வழக்காடி ஐயா சட்டத்தில் பாஸ்டிஷ் என்ற சொல்லும் வருகிறது என்றார். போலச் செய்தல்தான் பகடியின் அடையாளம் என்றால், நகைப்பே இல்லாமல் போலச் செய்யும் பாஸ்டிஷிலிருந்து அதை எப்படிப் பிரிப்பது? அடுத்து, கரோலின் முதலைப் பாட்டு இன்று உலகெங்கும் தெரியும். வாட்ஸின் தேனீயை அடிக்குறிப்பு இல்லாமல் அறிந்தவர்கள் குறைவு. மூலத்தை அறியாதவருக்கு அது பகடியாகவே இருக்கிறதா?

ஓய்வுபெற்ற_விரிவுரையாளர் எழுதியது:

நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கு மாக்ஸ் பீர்போமின் 'எ கிறிஸ்துமஸ் கார்லண்ட்' (1912) தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். தம் காலத்து எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும் கிறிஸ்துமஸைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும் என்று அவர் எழுதிக்காட்டியது அது. ஹென்றி ஜேம்ஸின் நடையில் எழுதிய பகுதியில் இரண்டு குழந்தைகள், பரிசு வைக்கப்பட்டிருக்கும் காலுறைக்குள் எட்டிப் பார்க்கலாமா கூடாதா என்று தயங்குகிறார்கள், நடப்பது அவ்வளவுதான். தொடக்க வாக்கியத்திலேயே, 'எ' என்ற சார்புச் சொல்லுக்கும் அது சேர வேண்டிய பெயருக்கும் நடுவில், 'அவனைப் பொறுத்தவரை' என்ற தொடரைக் காற்புள்ளிகளுக்கு இடையே செருகுகிறார். அந்தத் தடையைத் தாண்டி, மிகவும் நினைவில் நிற்கத்தக்க என்ற அடைமொழியையும் கடந்து, வாசகன் ஆவலோடு பெயரை எதிர்பார்க்கும் இடத்தில் வருவது 'ஏதோ ஒன்று' என்ற சொல். ஜேம்ஸின் பிற்கால நாவல்களைப் படித்த எவரும் அந்த வாக்கியத்தில் அவருடைய மூச்சையே கேட்பார்கள்.

இதே வாக்கியத்தை ஜேம்ஸ் எழுதக்கூடிய ஒரு பெரிய மனச்சிக்கலுக்குப் பயன்படுத்தியிருந்தால் அது பாஸ்டிஷ் ஆகியிருக்கும். குழந்தையின் காலுறைக்குப் பயன்படுத்தியதால் பகடி ஆயிற்று. நடைக்கும் பொருளுக்கும் இடையில் ஓர் இடைவெளி திட்டமிட்டு உண்டாக்கப்படுகிறது. அந்த இடைவெளியில்தான் நடை தனியே பிரிந்து கண்ணுக்குத் தெரிகிறது. பாஸ்டிஷ் அந்த இடைவெளியை மூட முயலும், பகடி திறந்து வைக்கும். பீர்போமிடம் பகைமை இல்லை. ஜேம்ஸை அணு அணுவாக ரசித்துப் படித்தவரால் மட்டுமே அந்தக் காற்புள்ளிகளை அந்த இடத்தில் வைக்க முடியும். பகடி எழுதுபவர் மூலத்தின் மிகச் சிறந்த வாசகர்களில் ஒருவராக இருந்தாக வேண்டும் என்று நான் வகுப்புகளில் வற்புறுத்திவந்ததற்கு இத்தகைய பக்கங்களே காரணம். சொற்களை மாற்றிப் போட்டால் போதும் என்று நினைத்து எழுதப்படும் பகடிகள் ஒரு வாசிப்போடு செத்துப்போகின்றன.

இரண்டாவது கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது. ஆலிஸ் கதையிலேயே, தலைகீழாக நிற்கும் கிழவர் வில்லியம் பற்றிய பாட்டு இருக்கிறது. அதன் மூலம் ராபர்ட் சதே 1799-இல் எழுதியது. முதுமையிலும் நலமாக இருக்கிறீர்களே, காரணம் என்ன என்று இளைஞன் கேட்க, இளமை விரைந்து ஓடிவிடும் என்பதை நினைத்து அப்போதே உடலைப் பேணினேன் என்று முதியவர் விடை சொல்லும் நீதிப்பாட்டு. கரோலின் முதியவரோ, இளமையில் தலைகீழாக நின்றால் மூளை கெடும் என்று அஞ்சினேன், இப்போது மூளையே இல்லை என்று உறுதியாகிவிட்டதால் அச்சமில்லை என்கிறார். சதேயின் பாட்டை இன்று தேடிப் படிப்பவர்கள் பெரும்பாலும் கரோலின் வழியாகவே போகிறார்கள். மூலத்தை அறியாதவர் கரோலின் பாட்டில் சுவைப்பது கற்பனையின் துள்ளலை. பெரியவர்களின் அறிவுரைக் குரல் எது என்று எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும் என்பதால், பகடியில் ஒரு பாதியும் அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. மூலத்தின் அதே வினையும் அடைமொழியும் எப்படி வேறொரு பொருளுக்குப் போயின என்ற நுட்பம் மட்டும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அது சிறிய இழப்பு அல்ல.

தேர்வு விடையில் இலக்கணத்தை ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டு, மீதி இடத்தை ஒரே இணைக்குக் கொடுங்கள். கரோலை எல்லாரும் எழுதுவார்கள். நான் பரிந்துரைப்பது ஜே. கே. ஸ்டீஃபனின் 'எ சானெட்'. சுவிட்சர்லாந்து அடிமைப்பட்டதை எண்ணி வேர்ட்ஸ்வொர்த் எழுதிய பதினான்கு வரிப் பாடல், இரண்டு குரல்கள் இருக்கின்றன, ஒன்று கடலின் குரல், இன்னொன்று மலைகளின் குரல் என்று தொடங்கும். ஸ்டீஃபனும் இரண்டு குரல்கள் இருக்கின்றன என்றே தொடங்குகிறார். ஒன்று ஆழ்கடலின் முழக்கம், இன்னொன்று அரைகுறை அறிவுள்ள கிழட்டு ஆட்டின் சலிப்பூட்டும் கத்தல். வேர்ட்ஸ்வொர்த், இரண்டும் உன்னுடையவையே என்கிறார். அந்தப் பெருங்கவிஞரின் உச்சத்தையும் சரிவையும் பற்றிப் பிற்கால விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியது பதினான்கு வரிகளுக்குள், அவருடைய வடிவத்திலேயே அடங்கிவிட்டது. ஆழ்கடலைப் பற்றிய வரிகள் உண்மையாகவே அழகாக இருக்கின்றன என்பதைச் சுட்டிக்காட்ட மறக்காதீர்கள். ஆட்டை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் அந்தப் பகடியில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். இரண்டு பாடல்களும் சிறியவை. முதலில் மூலத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, அதன் பிறகு ஸ்டீஃபனுக்கு வாருங்கள்.